ரோபோ புல்வெட்டி: பெட்டிக்குள் வராத வேலை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச், ஏப்ரல் வந்தால் இங்கே ஜேர்மனியில் பௌமார்க்ட் எனும் வீட்டு, தோட்டப் பொருள் கடைகளின் விளம்பரத் தாள்களின் முன்பக்கத்தை ரோபோ புல்வெட்டி பிடித்துக்கொள்கிறது. சிறு வளவோடு வீடு வாங்கிய நம்மவர்கள் பலரும் இப்போது அதை வாங்குகிறார்கள். ஜூலை வர, அதே மெஷின் கராஜின் மூலையில் தூசி பிடித்துக் கிடக்கிறது. கேட்டால் "அது சரிவரேல்லை" என்பார்கள். தோட்டக் கருவிகள் பூட்டுவதும் திருத்துவதும் எங்கள் தொழில். அந்த வகையில் எங்களுக்குத் தெரிந்தவரை, சரிவராதது பெரும்பாலும் மெஷின் இல்லை. அது வெளியே போகாமல் புற்றரையைச் சுற்றிப் போட்ட எல்லை வயரும், அது ஓடும் நிலமும், அதற்குக் கொடுத்த நேர அட்டவணையும்தான் பிழைக்கின்றன. காசைக் கொடுக்க முன்னரே வாசகர்கள் இதை அறிந்திருந்தால் நல்லது என்பதால் கடிதம் சற்று நீள்கிறது.

பொருள் ஒன்றும் புதிது இல்லை. சுவீடனின் ஹுஸ்க்வார்னா நிறுவனம் சூரிய ஒளியில் ஓடும் தன் முதல் ரோபோவை 1995இல் சந்தைக்கு விட்டது. அன்று தொட்டு இன்றுவரை அடிப்படை மாறவில்லை. சாதாரண மெஷின் கிழமைக்கு ஒருமுறை வெட்டி, வெட்டியதைப் பெட்டியில் சேர்க்கிறது. ரோபோவோ நாளாந்தம் நுனியில் சில மில்லிமீற்றரை நறுக்கி, நறுக்கியதை அந்த இடத்திலேயே விடுகிறது. அந்தத் துணுக்குகள் சீக்கிரம் உக்கி, அவற்றிலுள்ள நைதரசன் மண்ணுக்கே திரும்புகிறது. உரச் செலவும் குறைகிறது. இந்த அடிப்படையை மறந்து, விடுமுறைக்கு ஊர் போய் வந்த பிறகு ஒரு சாண் வளர்ந்து நிற்கும் புல்லில் ரோபோவை இறக்குபவர்கள் உண்டு. மோட்டார் திணறும், சில்லு சுற்றும், மெஷின் நின்றுவிடும். 10 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்த புல்லை முதலில் சாதாரண மெஷினால் வெட்டி, வெட்டியதை வாரி எடுத்த பிறகுதான் ரோபோவுக்கு வேலை.

வாங்கப் போக முன் அளவு நாடாவோடு புற்றரைக்குள் இறங்குங்கள். காணியின் அளவு வேறு, புல்லின் அளவு வேறு. வீடு, தெரஸ், பாத்தி எல்லாம் கழிய 500 சதுர மீற்றர் காணியில் 250 மிஞ்சினால் பெரிய விடயம். பெட்டியில் "600 சதுர மீற்றர் வரை" என்று போட்டிருந்தால், பல தயாரிப்புகளில் அது மெஷினை இரவு பகலாக, ஏழு நாளும் ஓடவிடும் கணக்கு. ஜேர்மனியில் அப்படி ஓடவிட முடியாது. கருவிகளின் இரைச்சல் பற்றிய கூட்டாட்சி விதிப்படி, குடியிருப்புப் பகுதிகளில் புல்வெட்டி இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரை ஓடக் கூடாது. ஞாயிறும் பொது விடுமுறையும் முழுநாளும் தடை. ரோபோ சத்தமில்லாமல் ஓடுகிறது என்பதால் அதற்குத் தனிச் சலுகை இல்லை. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம், கிழமைக்கு 6 நாள் என்றால் 78 மணித்தியாலம். கிழமையில் இருப்பது 168. ஆகவே பெட்டியில் உள்ள எண்ணை ஏறத்தாழப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்: 300 சதுர மீற்றர் புல்லுக்கு 600 என்று எழுதிய மெஷின் பொருத்தம். சில ஊர்களில் மதிய ஓய்வு நேரமும் உண்டு. அதை உங்கள் கெமைண்டேயில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், விசாரிக்க வேண்டும்.

சரிவு அடுத்தது. 35 சதவீதம் ஏறும் என்று எழுதியிருப்பதை 35 பாகை என்று விளங்கிக்கொள்பவர்கள் அநேகர். 35 சதவீதம் என்பது ஒரு மீற்றருக்கு 35 சென்ரிமீற்றர் ஏற்றம், பாகையில் 19தான். ஒரு மீற்றர் நீளமான நேர்ப்பலகையை ரசமட்டம் வைத்துப் பிடித்து, சரிவின் கீழ்ப்பக்க நுனியிலிருந்து நிலம்வரை அளந்தால் விடை கிடைக்கும். எல்லை வயர் ஓடும் ஓரத்தில் இதைவிடக் கண்டிப்பு. ஓரத்தைத் தாண்டி 15 சதவீதத்துக்கு மேல் இறக்கம் இருந்தால் வயரைக் குறைந்தது 20 சென்ரிமீற்றர் உள்ளே இழுக்க வேண்டும். ஈரப் புல்லில் சில்லு வழுக்கி, திரும்புவதற்குள் மெஷின் வெளியே போய்விடும்.

நிலத்தைத் தயார் செய்வதற்கு ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். சில்லு இறங்கும் குழிகளை மண்ணும் மணலும் கலந்து நிரப்புங்கள். புல்லுக்கு மேலே தெரியும் மர வேர், தலை நீட்டிய கல் எல்லாம் வெட்டும் தட்டை அடிக்கும். மெஷின் எதையாவது தடை என்று அறிய வேண்டுமானால் அது 10 முதல் 15 சென்ரிமீற்றராவது உயர்ந்து, இடித்தால் அசையாமல் நிற்க வேண்டும். சாய்ந்து ஏறும் வேரும், டிராம்போலினின் வளைந்த கால்க்குழாயும் தடையாகத் தெரியாது. அவற்றில் ரோபோ ஏறிக்கொண்டு சில்லு அந்தரத்தில் தொங்க நிற்கும். பழுது என்று கூப்பிட்டு நாங்கள் போய்ப் பார்த்தால் பல வீடுகளில் டிராம்போலின்தான்.

சார்ஜ் நிலையத்தை வைக்கும் இடத்தை மின்சாரச் செருகி எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். ரோபோ எங்கிருந்து நேராக வர முடியும் என்று பார்த்தல்லவா முடிவு செய்ய வேண்டும்! நிலையத்துக்கு முன்னால் குறைந்தது 3 மீற்றர் தடையில்லாத நேர்வழி வேண்டும். பக்கங்களிலும் வயர் ஒன்றரை மீற்றர் தூரத்துக்கு நேராக ஓட வேண்டும். மூலையில் வைத்தால் ரோபோ கோணலாக வந்து, சார்ஜ் தகட்டில் பட்டும் படாமலும் முட்டிப் பின்வாங்கிக்கொண்டே இருக்கும். நிலையத்தின் தட்டு வளையாமல், மட்டமான நிலத்தில் இருக்க வேண்டும். நண்பகல் வெயில் படாத இடம் பற்றரிக்கு நல்லது. சூடேறினால் சார்ஜ் ஏறாமல் காத்திருக்கும். ட்ரான்ஸ்போமரை நிலத்தில் கிடத்தாமல் 30 சென்ரிமீற்றராவது உயர்த்திச் சுவரில் பூட்டுங்கள். அது செருகும் இடம் 30 மில்லி அம்பியர் எஃப்ஐ, அதாவது ட்ரிப் சுவிட்ச், உள்ள வழியாக இருப்பது கட்டாயம். ட்ரான்ஸ்போமரிலிருந்து நிலையத்துக்குப் போகும் வயரை வெட்டிக் குறைக்கவோ ஒட்டி நீட்டவோ வேண்டாம். நீளம் போதாவிட்டால் அதே நிறுவனத்தின் நீள வயரை வாங்கலாம்.

இனி எல்லை வயர். பாதிப் பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது.

நிலையம் இந்த வயருக்குள் சிறு மின்துடிப்புகளை அனுப்புகிறது. அதனால் உண்டாகும் காந்தப் புலத்தை ரோபோவின் மூக்கிலுள்ள சுருள் உணர்கிறது. வயருக்கு உள்ளே நிற்கிறோமா, வெளியேயா என்பது புலத்தின் திசையை வைத்து அதற்குத் தெரிகிறது. வயர் முழு வளையமாக, நிலையத்தில் தொடங்கி நிலையத்தில் முடிய வேண்டும். ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போடுவது என்பது ஓரத்தைப் பொறுத்தது. சுவர், வேலி, உயர்ந்த கல் என்றால் 35 சென்ரிமீற்றர் அளவில். ஒன்று முதல் 5 சென்ரிமீற்றர் உயரம் அல்லது பள்ளம் உள்ள பாத்தி ஓரம் என்றால் 30. புல்லோடு மட்டமாக இருக்கும் நடைபாதைக் கல் என்றால் 10 போதும், சில்லு கல்லின் மேல் ஏறி ஓடும். தயாரிப்புக்குத் தயாரிப்பு சில சென்ரிமீற்றர் மாறும் என்பதால் பல பெட்டிகளில் ஓர் அட்டை அளவுகோல் வருகிறது. அதை எறிந்துவிடாமல் கையில் வைத்துக்கொண்டு, வயரை நிலத்தோடு பிடிக்கும் முளைகளை ஒவ்வொன்றாக அளந்து போடுங்கள்.

சுவரோரத்தில் வெட்டாமல் மிஞ்சும் புல் வரிசையைப் பற்றித்தான் கூடுதலான முறைப்பாடு. பிள்ளைகளின் கால் விரல் பிளேடுக்கு எட்டக் கூடாது என்பதற்காக வெட்டும் தட்டு உடலின் நடுவே ஒடுங்கி இருக்கிறது. ஆகவே ஓரத்தில் ஒரு கீற்று மிஞ்சத்தான் செய்யும். வயரை இன்னும் ஒட்டிப் போட்டால் அது தீராது, ரோபோ சுவரில் உரசி உடல்தான் தேயும். ஓரம் முழுக்க ஒரு வரிசை தட்டைக் கல்லைப் புல் நிலத்துக்கு மட்டமாகப் பதித்து, வயரை 10 சென்ரிமீற்றரில் போடுவதுதான் நிரந்தரத் தீர்வு. கல் பதிக்க விருப்பமில்லாதவர்கள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ட்ரிம்மரைக் கையில் எடுக்க வேண்டியதுதான்.

மூலைகளில் வயரை 90 பாகைக்குக் குறைவாக மடிக்கக் கூடாது. கூரான மூலையில் ரோபோ இரண்டு பக்க வயரையும் ஒரே நேரத்தில் உணர்ந்து குழம்பும். மூலையை இரண்டு 45 பாகைத் திருப்பமாக வெட்டி விடுங்கள். நடுவே பூப்பாத்தியோ சிறு குளமோ இருந்தால் வயரை ஓரத்திலிருந்து அதுவரை கொண்டுபோய், சுற்றி, போன வழியாலேயே திரும்பக் கொண்டுவர வேண்டும். போகும் வயரும் திரும்பும் வயரும் ஒட்டி, ஒரே முளையின் கீழ் கிடக்க வேண்டும். எதிரெதிர்த் திசையில் ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் ரோபோவுக்கு அந்த இடம் தெரியாது. அதைத் தாண்டி ஓடும். இரண்டுக்கும் நடுவே சில சென்ரிமீற்றர் இடைவெளி விட்டால் போதும், அது கண்ணுக்குத் தெரியாத மதிலாகிப் புற்றரையை இரண்டாகப் பிரிக்கும். அவை ஒன்றையொன்று குறுக்கே தாண்டவும் கூடாது. தாண்டினால் உள் எது வெளி எது என்பது மாறிப்போகும். தடித்த, நேரான மரங்களுக்கு இந்தச் சுற்று வேண்டியதில்லை. ரோபோ இடித்துத் திரும்பிக்கொள்ளும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

முளைகளை 75 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக அடியுங்கள். வளைவுகளில் இன்னும் நெருக்கம். முதல் நாள் நிலத்துக்குத் தண்ணீர் விட்டால் பிளாஸ்ரிக் முளை முறியாமல் இறங்கும். வயர் இழுவையாக, புல்லின் அடியோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். எங்காவது விரல் நுழையும் அளவு தூக்கி நின்றால் முதல் கிழமையிலேயே ரோபோ தன் வயரைத் தானே வெட்டிவிடும். ஒழுங்காக அடித்த வயர் சில கிழமையில் புல்லுக்குள் மறைந்துவிடும். மறைய முன் ஒவ்வொரு பக்கமாக, அளவு நாடாவை அருகில் வைத்துக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பின்னர் ரோஜா நடத் தோண்டும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும். வசந்தத்தில் ஃபெர்ட்டிகூட்டீரர் எனும் கத்திகள் உள்ள கருவியால் பாசி கிளறுபவர்கள் வயரை 3 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைக்க வேண்டும், மேலே கிடக்கும் வயரை அந்தக் கத்திகள் இழுத்துப் பிய்த்துவிடும். 20 சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் சைகை பலவீனமாகும்.

மிஞ்சிய வயரைச் சுருட்டி நிலையத்துக்குப் பின்னால் போடும் பழக்கத்தை விடுங்கள். சுருள் தானே ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கிச் சைகையைக் கெடுக்கும். வெட்டி எடுத்து, திருத்த வேலைக்கென்று வீட்டுக்குள் வையுங்கள். ஒட்டுகளுக்கு ஜெல் நிரப்பிய இணைப்பிகளை மட்டும் பாவியுங்கள். வயரை உரிக்காமலே உள்ளே செருகி, குறட்டால் மூடி இறுகும்வரை அழுத்த வேண்டும். ஜெல் வெளியே பிதுங்கி வந்தால் சரி. செப்பை முறுக்கி ஒட்டு நாடா சுற்றினால் அன்று வேலை செய்யும். ஈரம் ஏறிப் பச்சை பிடித்து, அடுத்த கோடையில் மழை நாளில் மட்டும் நிற்கும், வெயில் நாளில் ஓடும். இப்படி வந்து வந்து போகும் பழுதைப் போல நேரத்தைத் தின்னும் வேலை வேறில்லை.

வயரே வேண்டாம் என்று விளம்பரம் செய்யும் புதிய மெஷின்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்டிகே என்னும் முறையில், வளவில் நாட்டிய ஓர் அன்ரெனா செய்மதிகளின் சைகையை வாங்கி, திருத்தத்தை ரோபோவுக்கு அனுப்புகிறது. ரோபோ 2, 3 சென்ரிமீற்றர் துல்லியத்தில் தன் இடத்தை அறிகிறது. பெரிய, திறந்த வளவுக்கு இது அருமையான ஏற்பாடு. வரிசை வீட்டின் 6 மீற்றர் அகல வளவில், ஒரு பக்கம் இரண்டு மாடிச் சுவர், மறு பக்கம் உயர்ந்த தூயாச் செடி வேலி என்றால் நிலைமை வேறு. வானத்தின் பாதி மறைந்து, சைகை சுவரில் பட்டுத் தெறித்து வரும். ரோபோ நடுப் புல்லில் நின்று செய்மதியைத் தேடிக்கொண்டிருக்கும். அன்ரெனாவுக்கு மட்டுமன்றி ரோபோ ஓடும் இடமெங்கும் வானம் தெரிய வேண்டும் என்பதைக் கடைக்காரர்கள் அழுத்திச் சொல்வதில்லை. அன்ரெனாவின் கம்பம் ஆடக் கூடாது. அதைப் பிடுங்கி 10 சென்ரிமீற்றர் தள்ளி நட்டால் முழு வரைபடமும் 10 சென்ரிமீற்றர் நகர்ந்து, ரோபோ பாத்திக்குள் இறங்கும். கமராவால் பார்ப்பவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். ஒடுங்கிய, நிழலான வளவுக்கு இன்றைக்கும் வயர்தான் நம்பிக்கையானது என்பது எங்கள் முடிவு. விற்பனையாளர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

முதல் ஓட்டத்தில் வெட்டு உயரத்தை மேலேயே வையுங்கள். 6 சென்ரிமீற்றரில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை அரை சென்ரிமீற்றர் இறக்கி, 4 அளவில் நிறுத்தினால் போதும். வெயில் காய்ந்த கோடையில் அதற்குக் கீழே போனால் வேர் காயும், பாசியும் களையும் அந்த இடத்தைப் பிடிக்கும். வழி தெரியாமல் அங்குமிங்கும் ஓடும் வகை மெஷினில் முதல் மூன்று நான்கு நாள் புற்றரை திட்டுத் திட்டாகத்தான் தெரியும். அதைக் கண்டு அட்டவணையைக் கூட்ட வேண்டாம். பிறகு நிலையத்துக்குப் போகும் வழியில் சில்லுத் தடம் விழத் தொடங்கினால், வழித்தட அகலத்தை மாற்றும் அமைப்பு மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளி வரும்படி வைத்தால் தடம் ஆறும். களிமண் நிலத்தில் மழைநாளில் ஓடவிடாதீர்கள். ரோபோ நனைவதால் கேடில்லை, சில்லில் சேறு அப்பி, அடித்தட்டில் பச்சைக் களியாகக் காய்ந்து, வெட்டும் தட்டு சுற்ற முடியாமல் போவதுதான் கேடு. வாரத்தில் ஒருமுறை பிரதான சுவிட்சை அணைத்து, கவிழ்த்து, தடித்த பிரஷால் தேய்த்து விடுங்கள். கார் கழுவும் உயர் அழுத்தத் தண்ணீரை அடிக்கவே கூடாது. தாங்கிகளுக்குள்ளும் மின்பலகைக்குள்ளும் தண்ணீர் ஏறிவிடும்.

பெரும்பாலான மெஷின்களில் பிளேடு என்பது சவர பிளேட்டைவிடச் சற்றுத் தடித்த மூன்று சிறு தகடுகள். தட்டின் ஓரத்தில் திருகாணியில் தளர்வாகத் தொங்கும். தட்டு சுழலும்போது வெளியே விரியும், கல்லில் பட்டால் பின்னுக்கு மடங்கும். விரலால் தள்ளினால் தடையின்றிச் சுழல வேண்டும். மழுங்கியதா என்று அறிய பிளேட்டைப் பார்க்க வேண்டியதில்லை. புற்றரையில் ஒரு புல்லைப் பிடுங்கி நுனியைப் பாருங்கள். நேராக வெட்டுப்பட்டிருந்தால் பிளேடு கூர். நாராகக் கிழிந்து வெளிறியிருந்தால் மாற்ற வேண்டிய காலம். புல் கிழிந்த இரண்டு நாளில் முழுப் புற்றரையும் தூரத்திலிருந்து பழுப்பாகத் தெரியும். தண்ணீர் காணாது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் எடை பிசகித் தட்டு அதிரும். திருகாணியையும் புதிதாகப் போடுங்கள். பழைய திருகாணியின் கழுத்தைப் பிளேடு தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்திருக்கும், அறுந்தால் பிளேடு பறக்கும். கையுறை இல்லாமல் இந்த வேலையில் கை வைக்காதீர்கள்.

ரோபோ வயர் சைகை இல்லை என்று நின்றால், முதலில் நிலையத்தின் விளக்கைப் பாருங்கள். எந்த நிறம் எதைக் குறிக்கும் என்பது கையேட்டில் உண்டு. வயர் முறிந்திருந்தால் வயர் நுனிகளைக் கழற்றி மல்ரிமீற்றரால் அளக்கலாம். ஒழுங்கான வளையம் சில ஓம்தான் காட்டும், முறிந்தது ஒன்றும் காட்டாது. முறிந்த இடத்தைத் தேடிப் புற்றரையைக் கிண்டாதீர்கள். மிஞ்சிய வயரை எடுத்து, நிலையத்தின் ஒரு முனையிலிருந்து வளையத்தின் நடுப்பகுதிவரை தற்காலிகமாக நிலத்தின் மேல் ஓட்டி இணையுங்கள். விளக்கு சரியான நிறத்துக்கு வந்தால், நீங்கள் தவிர்த்த பாதியில்தான் முறிவு. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 200 மீற்றர் வயரில் ஐந்தாறு தடவையில் சில மீற்றருக்குள் வந்துவிடலாம். மண்வெட்டி, ட்ரிம்மர், மண்ணுக்குள் வாழும் எலிகளின் பல் ஆகியவையே வழக்கமான காரணங்கள். அயலவரின் ரோபோவும் அதே சைகையில் ஓடினால், வயர் முழுதாக இருந்தும் உங்களுடையது வேலி ஓரத்தில் தடுமாறும். நிலையத்தில் புதிய சைகையை உருவாக்கும் அமைப்பால் அது தீரும்.

சின்னப் பிள்ளைகள் புல்லில் நிற்கும்போது ரோபோவை ஓடவிட வேண்டாம். தூக்கினாலோ கவிழ்த்தாலோ பிளேடு நிற்கும் என்பது உண்மை. தவழும் குழந்தையின் கை பக்கவாட்டில் உள்ளே போகாது என்று எவரும் உறுதி தர முடியாது. பின்கோட்டைப் போட்டு வையுங்கள், அது திருட்டைத் தடுக்கவும் உதவும். ஆப்பிள் விழும் காலத்தில் காலையில் பொறுக்கி எடுத்த பிறகே ஓட்டம். செருப்பு, கயிறு, நாயின் கழிவு இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதை ரோபோ புற்றரை முழுவதும் பூசிவிடும்.

உறைபனிக்கு முன், நவம்பர் அளவில், சுத்தம் செய்து, பற்றரியை முழுதாக ஏற்றி, பிரதான சுவிட்சை அணைத்து, உறையாத இடத்தில் வையுங்கள். வயர் நிலத்திலேயே இருக்கட்டும். நிலையத்தைக் கழற்றினால் வயர் நுனிகளில் கிரீஸ் பூசி மூடி விடுங்கள்.

இப்போது நேர அட்டவணை. இதற்காகவே உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறோம். மே மாதத்தில் போட்ட அட்டவணையை எவரும் ஒக்டோபரில் மாற்றுவதில்லை. கோடையில் இரவு 8 மணி என்பது நல்ல வெளிச்சம். ஜூனில் டோர்ட்முண்டில் சூரியன் மறைய 9:50 ஆகும். ஒக்டோபர் நடுப்பகுதியில் மாலை ஆறரை மணிக்கே மறைந்துவிடும், காலையிலும் உதிக்க 8 மணி ஆகிவிடும். ஆகவே காலை 7 முதல் இரவு 8 வரை என்ற அட்டவணை இரைச்சல் விதிக்குச் சரியாக இருந்தாலும், காலையிலும் மாலையிலும் இருட்டில் ஓடும். அந்த நேரத்தில்தான் முள்ளெலிகள் இரை தேடி வெளியே வருகின்றன. கோடையில் பிறந்த குட்டிகளும் குளிர்கால உறக்கத்துக்கு முன் உடம்பைத் தேற்றிக்கொள்ள அலையும் காலம் அது. ஆபத்து என்றால் முள்ளெலி ஓடாது, சுருண்டு அசையாமல் கிடக்கும். ரோபோவுக்கு அது தாழ்ந்த, மென்மையான ஒரு பொருள். 2021இல் வெளியான டென்மார்க் ஆய்வாளர்களின் பரிசோதனையில், 18 வகை மெஷின்களில் ஒன்றுகூட இறந்த முள்ளெலியைத் தொடாமல் கண்டுபிடிக்கவில்லை. பெர்லினிலுள்ள லைப்னிட்ஸ் வனவிலங்கு ஆய்வு நிறுவனம் 2022 ஜூன் முதல் 2023 செப்டம்பர் வரை ஜேர்மனியில் வெட்டுக் காயத்தோடு கிடைத்த 370 முள்ளெலிகளைப் பதிவு செய்தது. ஏறத்தாழப் பாதி பிழைக்கவில்லை.

கொல்ன் நகரம் 2024 ஒக்டோபர் முதல் இரவோட்டத்தைத் தடை செய்திருக்கிறது: சூரியன் மறைய 30 நிமிடம் முன்பிருந்து, உதித்து 30 நிமிடம் வரை ரோபோ ஓடக் கூடாது. வேறு நகரங்களும் அதே வழியில் போகின்றன. தடை இல்லாத ஊரிலும் ஓர் எளிய ஏற்பாடு போதும். காலை 10 முதல் மாலை 5 வரை என்று வைத்தால் இலையுதிர் காலத்தில் ஒக்டோபர் கடைசிவரை, கடிகார நேரத்தைப் பின்னுக்கு மாற்றும் நாள்வரை, எந்த விதிக்கும் எந்தப் பிராணிக்கும் குறை வராது. நேரம் மாறிய பிறகு மாலை 4 மணியோடு நிறுத்துங்கள். புல்லும் அதற்குள் வளர்ச்சியைக் குறைத்திருக்கும். பாதி நேரம் குறைகிறதே என்று யோசிப்பவர்களுக்காகத்தான் மெஷினைப் பெரிதாக வாங்கும்படி முன்பே எழுதினோம்.

உங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் கிழமைதோறும் ராகு காலம், நல்ல நேரம் வருகிறது. அதே பெட்டியில் கொல்ன், பெர்லின், ஸ்டுட்கார்ட் ஆகிய மூன்று நகரங்களுக்கேனும் சூரிய உதயம், மறைவு நேரங்களைச் செப்டம்பர் முதல் நவம்பர் வரை சேர்த்துப் போட்டால், ரோபோ வைத்திருக்கும் வீடுகளில் அட்டவணையை மாற்ற அது உதவும். ஆவன செய்வீர்கள் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
தோட்டக் கருவி திருத்துநர்கள்,
டோர்ட்முண்ட், ஜேர்மனி.